அக்கா படம்

அக்கா படம் மங்கலா இருக்குன்னுதானே சொன்னேன். அப்படித்தான் சொன்னேனா? இன்பா, அக்கா படம் மங்கல், அந்தக் கண்ண நம்பாத, மத்தவள அனுப்புன்னு சொன்னேன். அவனும் சரிக்கான்னான். நான் பையத் தூக்கிக்கிட்டு, கண்ட்ரோல் ரூம் வாசல்ல வச்சிருந்த போன எடுத்துக்கிட்டு, வாட்ச்மேன் ரங்கசாமி அண்ணன்கிட்ட வாரேண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு, காளப்பட்டியில பஸ் ஏறி, அதிசயமா சன்னலோரம் இடமும் கெடச்சு, உக்காந்து மூச்சு விட்டாச்சு. கண்டக்டர் வந்து, டிக்கெட்ட வாங்கிக்கங்க அம்மணின்னு அந்த ஓசி டிக்கெட்டக் கிழிச்சுக் கையில திணிச்சிட்டுப் போனாரு. அதுவரைக்கும் ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போனா ரசம் வச்சாப் போதும், அப்பளத்தப் பொரிச்சாப் போதும்னுதான் மனசு ஓடிக்கிட்டு இருந்தது. எங்கருந்து வந்துச்சோ தெரியல, நேரு நகர் திருப்பத்துல பஸ் ஒரு குலுங்கு குலுங்குச்சு, உள்ள என்னமோ பல்லுல மாட்டுன நார் மாதிரி சிக்கிக்கிடுச்சு. அக்கா படம்னா எது? அக்கா எடுத்த படமா, அக்காவை எடுத்த படமா? அடியாத்தீ. நான் எதச் சொன்னேன்? அவன் எதக் கேட்டான்?

இரு, இரு, பதறாத, மொதல்லேருந்து வா. ரெண்டு பெட்டி. ஒவ்வொண்ணும் ஒரு சின்ன வாஷிங் மெஷின் அளவு. பூமியச் சுத்தி ஒரே தடத்துல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு போகுது. ராக்கெட்ல இருந்து மொதல்ல வெளிய வந்தவ அக்கா, அடுத்து வந்தவ தங்கச்சி. பேரு வச்சது நாந்தான், வேற எந்த மூதி வைக்கும். கம்பெனி காகிதத்துல அதுகளுக்கு நீளமா இங்கிலீஷ் பேரு இருக்கு, அத அந்த டெல்லிக்குப் போன சார் மட்டும்தான் சொல்லுவாரு. அக்காவுக்கும் ஒரு கேமரா, தங்கச்சிக்கும் ஒரு கேமரா. ஒருத்தி ஒருத்தியப் பாத்துக்கிட்டே பறக்கணும், அதுதான் எங்க பொழப்பே. படத்துல எதிர்ல இருக்கிறவ பெருசாத் தெரிஞ்சா பக்கத்துல இருக்கா, சின்னதாத் தெரிஞ்சா தள்ளி இருக்கா. அதுகளே படத்தப் பாத்து, அதுகளே அளந்து, கொஞ்சூண்டு வாயுவ புஸ்ஸுன்னு ஊதி, முன்னால பின்னால நகந்துக்கும். கீழ இருந்து நம்ம ஓட்டுறதில்ல. இன்னைக்கு எவ போகணும், எவ நிக்கணும், அது ஒண்ணுதான் நம்ம சொல்லணும். இன்னைக்குத்தான் கடைசி நெருக்கம். கிரிக்கெட் பிட்ச் நீளத்துக்குப் பக்கத்துல போய் நிக்கணும். போன மாசம் ரெண்டையும் சரி பண்ணுறேன் சரி பண்ணுறேன்னு வாயுவ ஊதித் தீத்தாச்சு, மிச்சம் இருக்கிறது ஒரு தடவ போறதுக்குத்தான். அதுல கண்ணு மங்குனவ போனா? மங்குன படத்துல ஓரம் கரைஞ்சு, எதிர்ல இருக்கிறவ சின்னதாத்தான் தெரிவா. இன்னும் தூரத்துலதான் இருக்கான்னு நெனச்சு ஊதுவா. இன்னும் ஊதுவா. போய் நேரா அவ மேலயே விழுவா. நாலு வருஷம். என் தலைமுடி நரைச்சதே அந்தப் பெட்டிகளாலதான். ரெண்டும் மோதித் தூள் தூளாப் போச்சுன்னா அந்தத் தூளு வேற எவன் பெட்டி மேல போய் அடிக்குமோ.

அந்தப் படத்த நெனச்சுப் பாரு, செண்பகம். காலையில வந்த படம். மூக்குக்கண்ணாடியோட கொதிக்கிற சாம்பாரத் தொறந்து பாத்தா எப்படி இருக்கும், அப்படி ஒரு வெள்ளப் பொகை. ஊதுன வாயு எதுவோ போய்க் கேமராக் கண்ணாடியில படிஞ்சிருக்கு. பொகைக்குள்ள ஒரு பெட்டி, மினுக்குன்னு ஒரு பக்கம் வெயில். எந்தப் பெட்டி? ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு, அதுல என்னத்தக் கண்டுபிடிக்க. திரையில இடது பக்கம் அக்கா, வலது பக்கம் தங்கச்சி. மங்கல் இடது பக்கம் இருந்துச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம் விழுந்து, நான் எந்திரிச்சுப் போய் ஜன்னலச் சாத்திட்டு வந்து மறுபடி பாத்தேன். சரி, இடது பக்கம்னா அக்கா. இடது பக்கம் அக்காவோட கண்ணு தெரியுதா, அக்காவோட மூஞ்சி தெரியுதா? இதுக்கு என்ன சொல்லுவ? ஒரு சமயம் எடுத்தவ யாரோ அவ பக்கம்னு நெனச்சுத்தான் அப்படி வச்சேன்னு தோணுது. அப்படித்தான் வச்சிருப்பேன். ஆனா போன வாரம் சார்கிட்டக் காட்டும்போது, பாருங்க சார், அக்கா எவ்வளவு பளிச்சுனு இருக்கான்னு சொன்னேனே. அது அக்கா மூஞ்சியப் பாத்துத்தானே சொன்னேன்? எந்தப் பக்கத்தக் காட்டிச் சொன்னேன்? கை எந்தப் பக்கம் போச்சு? வலது கையில காப்பி டம்ளர் இருந்துச்சு. அப்ப இடது கையத்தான் நீட்டியிருப்பேன். இடது கைய நீட்டுனா இடது பக்கம். அப்ப இடது பக்கம் அக்கா மூஞ்சி. அப்ப அக்கா படம்னா அக்காவை எடுத்த படம், எடுத்தவ தங்கச்சி, மங்குன கண்ணு தங்கச்சியோடது, போகக் கூடாதவ தங்கச்சி! இல்லியே. குறுக்க கைய நீட்டி வலது பக்கமும் காட்டலாம்ல? அன்னைக்குக் காப்பியே குடிச்சேனோ என்னவோ. கோட்டி பிடிச்சிரும் போல இருக்கு.

இதுல கூத்து என்னன்னா, இந்தச் சொல்லால அடிபட்டதே எங்க வீடுதான். தெரிஞ்சே போய் அதே சொல்லத் தூக்கி வானத்துல வச்சேன் பாரு, என்னயச் செருப்பால அடிக்கணும். எங்க ஆவுடை அக்கா காலேஜ் படிக்கும்போது ரோல் போட்டு எடுக்கிற கேமரா ஒண்ணு வச்சிருந்தா. தெருவுல போற ஆட்டுக்குட்டியில இருந்து தீப்பெட்டி ஆபீஸ் சங்கு வரைக்கும் எடுப்பா. என்னையும் மொட்டை மாடியில நிக்க வச்சு, தலையத் தூக்குடி, பல்லக் காட்டாதடின்னு அதட்டி அதட்டி எடுத்தா. அவளுக்குச் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு சம்மந்தம் வந்தப்போ, தரகர் வந்து அக்கா போட்டோ குடுங்கன்னாரு. அப்பா உள்ள பாத்து, ஏய், அக்கா போட்டோ எங்கன்னு கத்துனாரு. அம்மா அடுப்படியில கெடந்தவ, அக்கா போட்டோல்லாம் பீரோ மேல்தட்டுலன்னா. அம்மா சொன்னது அக்கா எடுத்த போட்டோ. அப்பா கேட்டது அக்கா இருக்கிற போட்டோ. மேல்தட்டுல மேலாக இருந்தது நான். அப்பாவுக்குக் கண்ணாடி போடாம எல்லாப் பொண்ணும் ஒண்ணுதான், அப்படியே தூக்கிக் குடுத்துட்டாரு. பொண்ணு பாக்க வந்தாங்க. ஆவுடை தலை நெறையப் பூ வச்சு உக்காந்திருக்கா, நான் காராச்சேவு தட்டத் தூக்கிக்கிட்டு வாரேன். மாப்பிள்ளையோட அம்மா, இந்தா, போட்டோல உள்ள புள்ள இதுல்லான்னு என் கையப் பிடிச்சாங்க. ஆவுடை சிரிச்சா. நல்லாத்தான் எடுத்திருக்கேன் போலன்னு சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போனா. அதுக்கப்புறம் அவ கேமராவத் தொட்டு நான் பாக்கல. வேற இடத்துல கல்யாணம் ஆச்சு, பையன் பிறந்தான், எல்லாம் நல்லாத்தான் இருக்கா. போன் பண்ணுனா நல்லாருக்கியா, மழ உண்டா, வச்சிரட்டுமா. அம்புட்டுத்தான். தப்பு என்னுது இல்லன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தூரம் அப்படியே நிக்குது, ஒரு அடி குறையல. நான் அதுகளுக்கு அக்கா தங்கச்சின்னு பேரு வச்சது இதனாலயா? சேச்சே. ரெண்டு பெட்டி, ஒண்ணு முன்னால வந்துச்சு ஒண்ணு பின்னால வந்துச்சு, அதான் வச்சேன். எனக்குத் தெரியாது.

ஹோப் காலேஜ் ஸ்டாப்பு வந்தாச்சு. எவ்வளவு நேரம் இருக்கு? பெட்டிக ரெண்டும் நம்ம தலைக்கு மேல வந்து போற நேரத்துலதான் எதுவும் சொல்ல முடியும், அந்தப் பக்கம் போயிட்டா காதுல விழாது. அது இப்ப வந்துரும். இன்பராஜுக்குப் போட்டேன். போன் அடிக்குது, அடிக்குது, அடிச்சிட்டே இருக்கு. அது அங்க வாசல் பலகையில கெடந்து பாடிக்கிட்டு இருக்கும், உள்ள போனக் கொண்டு போகக் கூடாதுன்னு சட்டம் போட்ட கூட்டத்துல நானும் ஒருத்திதானே, அனுபவி. இன்பராஜ் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. கெட்டிக்காரப் பய. ஆனா எதச் சொன்னாலும் சரிக்கா, சரிக்கா. என்னய வேற அக்காங்கிறான். அக்கா படம்னா என் படம்னு நெனக்காம இருந்தாச் சரி. சிரிப்பு வருது பாரு இந்த நேரத்துல. சரிக்கான்னா புரிஞ்சதுன்னு அர்த்தமா, கேட்டதுன்னு அர்த்தமா, சீக்கிரம் கெளம்புங்கன்னு அர்த்தமா? நான் திரும்பக் கேட்டிருக்கணும். எவள அனுப்பப் போற, வாயத் தொறந்து சொல்லுன்னு கேட்டிருக்கணும். பஸ்ஸப் பிடிக்கிற அவசரத்துல வந்துட்டேன். உட்காரு, ஒண்ணும் ஆகாது, அவன் சரியாத்தான் புரிஞ்சிருப்பான். சரியாப் புரிஞ்சிருப்பான்னா எதைச் சரியா? எனக்கே எது சரின்னு தெரியலையே. எந்திரி. அண்ணே, நிறுத்துங்கண்ணே, எறங்கணும். ஏனுங் அம்மணி, ஸ்டாப்பு தாண்டிப் போச்சுங்களே. பரவால்லண்ணே, எறக்கி விட்டுருங்க. கண்டக்டர் விசிலடிச்சாரு. எறங்கிட்டேன். ரோட்டோரம் பூரா புழுதி, எதிர்ல ஒரு டயர் கடை, தலைக்கு மேல பாலம். காதப் பொத்திக்கிட்டு ரங்கசாமி அண்ணனுக்குப் போட்டேன். அவரு மட்டும்தான் போன இடுப்புலயே வச்சிருப்பாரு.

அண்ணே, நான் செண்பகம் பேசுறேன். ஓடிப் போய் இன்பராஜ்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். அக்காவுக்குக் கண்ணு தெரியல, அக்காவ அனுப்பாத. இதையே சொல்லுங்க, ஒரு எழுத்து மாத்தாதீங்க. அண்ணன் பதறிட்டாரு. அட பாவமே, உங்க அக்காளுக்கா அம்மணி? என்னுங்க ஆச்சு? எங்க சின்னம்மாளுக்கும் இப்படித்தானுங்க, பொரை வளந்து போயி, பீளமேட்டுல ஒரு ஆசுபத்திரில காட்டி... அய்யோ அண்ணே, எங்க அக்கா நல்லாத்தான் இருக்கா! இது மேல சுத்துற பெட்டி! நீங்க நடங்க, நடந்துக்கிட்டே கேளுங்க. அவரு செருப்பு சரட் சரட்னு கேக்குது. நல்லாத்தான் சொல்லியனுப்பியிருக்கேன், அக்காவுக்குக் கண்ணு தெரியல, இதுல எந்தக் குழப்பமும் கெடையாது, எந்த முட்டாளுக்கும் புரியும். அப்பத்தான் உறைச்சுது. சொன்ன வாக்கியம் தெளிவு. அது உண்மையா? அக்காவுக்குத்தான் கண்ணு தெரியலன்னு யாரு சொன்னா? பஸ்ஸுல இவ்வளவு நேரமும் அதத்தானே தேடிக்கிட்டு வந்தேன். இன்பராஜ் ஒருவேள சரியாப் புரிஞ்சிருந்து, இப்ப நான் தெளிவாத் தப்பச் சொல்லி அவனக் கவுத்துவிட்டா? அண்ணே, நில்லுங்க! சொல்லாதீங்க! அவரு நின்னுட்டாரு. சொல்லட்டுங்களா வேண்டாமுங்களா, ஒண்ணச் சொல்லுங்க அம்மணி. அண்ணே, கதவத் தொறந்து போன உள்ள நீட்டுங்க. அதுக்கு என்ர வேல போயிருமுங்க. போனா என் வேல போகட்டும், நீட்டுங்கண்ணே.

கதவு சத்தம், ஏசி சத்தம். தம்பி, செண்பகம் அம்மணி பேசுறாங்க, கொஞ்சம் பதட்டமா இருக்காங்க, மெதுவாப் பேசுங்க. அக்கா? இன்பராஜ் குரல் தூரத்துல இருந்து வருது. இன்பா, எவள அனுப்பப் போற? அனுப்பியாச்சுக்கா. தங்கச்சி கெளம்பிட்டா. இப்பத்தான், இந்தத் தடவ தலைக்கு மேல வந்ததும். நல்லாப் போய்க்கிட்டு இருக்கா. என் மூஞ்சியப் பாத்துட்டு, டயர் கடைக்காரன் வேற ஸ்டூல எடுத்துப் போடட்டுமாம்மான்னு கேக்குறான். இன்பா, அக்கா படம்னு சொன்னேனே, அது அக்கா எடுத்ததா, அக்காவை எடுத்ததா? நீங்கதானக்கா சொன்னீங்க. நாந்தாம்டா சொன்னேன், நான் எத நெனச்சுச் சொன்னேன்? அத எங்கிட்டக் கேட்டா எப்பிடிக்கா? படத்தத் தொறந்து பாரு, எங்க இருக்கு? அக்கா ஃபோல்டர்ல இருக்கு. அது எனக்கும் தெரியும்டா, அத அங்க போட்டதே நாந்தான்! எந்தக் கேமரான்னு பழைய நம்பர் இருக்கும்ல? இருக்கும், சர்வர்ல தேடணும். அதுக்குள்ள நம்ம கையை விட்டுப் போயிருவாங்கக்கா, இன்னும் கொஞ்ச நேரந்தான் கேக்கும். அக்கா, நான் ஒண்ணு சொல்லவா, நான் வந்த அன்னைக்கு... பேசாத! பேசாம இரு, என்னய யோசிக்க விடு. யோசிச்சேன். என்னத்த யோசிச்சேன், ஒண்ணும் யோசிக்கல. ஆவுடை பூ வச்சு உக்காந்திருக்கிறா, தங்கச்சி கண்ணுல பொகையோட நேரா அவ மேல போறா, அவ அசையாம நிக்கிறா, அதுதான் தெரிஞ்சுது. தப்பா இருந்தா மோதும். நிறுத்துனா மோதாது. நிறுத்துனா இனிமே பக்கத்துலயே போக முடியாது, நிறுத்துறதுக்கும் அதே வாயுவத்தான் ஊதணும். எனக்குத் தெரியல, இன்பா. வாய்விட்டுச் சொன்னேன். இந்த நாலு வருஷத்துல அந்த ரூமுக்குள்ள நான் சொல்லாத வார்த்த அது. எனக்குத் தெரியல. நிறுத்திரு. அக்கா, நிறுத்துனா தீந்துரும்க்கா, நான் சொல்ல வர்றது என்னன்னா... நிறுத்துடாங்கிறேன்!

தட்டச்சுச் சத்தம். பாலத்து மேல லாரி போற சத்தம். ரங்கசாமி அண்ணன் மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்குது. நின்னுட்டாக்கா. தங்கச்சி நின்னுட்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, தூரம் அதுக்கு மேல குறையல. வாயு சுத்தமாப் போச்சு. நான் ஸ்டூல்ல உக்காந்தேன். மூச்ச வாங்கிக்கிட்டு, இப்பச் சொல்லு, என்னமோ சொல்ல வந்தியேன்னு கேட்டேன். இல்லக்கா, விடுங்க. சொல்லுடா. நான் சேந்த அன்னைக்கே உங்ககிட்டக் கேட்டேன்க்கா, அக்கா படம்னா யாரு படம்னு. எடுத்தவ பேருதான் படத்துக்குப் பேரு, மாத்தி நெனச்சுக் கவுத்துராதன்னு சொன்னீங்க. தோள்ல ஒரு அடி வேற அடிச்சீங்க. அதத்தான் இன்னைக்கு வரைக்கும் வச்சிருக்கேன். அக்கா எடுத்த படம் மங்கல், அதனால தங்கச்சிய அனுப்புனேன்.

அப்ப சரியாத்தான் போய்க்கிட்டு இருந்திருக்கா. நல்ல கண்ணோட, அளந்து அளந்து, போக வேண்டிய இடத்துக்குத்தான் போய்க்கிட்டு இருந்திருக்கா. நான் சரியாச் சொல்லியிருக்கேன், அவன் சரியாக் கேட்டிருக்கான், நடுவுல ஒரு பிசகும் இல்ல. பிசகு பூரா இந்த பஸ்ஸுக்குள்ளதான் நடந்திருக்கு. இல்ல, அவன் இப்பச் சொல்றதாவது நிஜமா? அன்னைக்கு நான் அப்படிச் சொன்னேனா? தோள்ல அடிச்சது மட்டும் லேசா ஞாபகம் வருது, சொன்னது வரல. அழுகை முட்டிக்கிட்டு வருது, கூடவே ஒரு நிம்மதி, ரெண்டும் மோதலையே, ரெண்டும் முழுசா இருக்கே. எது பெருசுன்னு எனக்குத் தெரியல. டயர் கடைக்காரன் தண்ணி பாட்டில நீட்டுறான். அக்கா, இருக்கீங்களா? இருக்கேன்டா. நிறுத்துனதுக்கு லாக் நோட்டுல ஒரு வரி போடணும்க்கா, சார் வந்தாக் கேப்பாரு. என்ன போடட்டும்? சுருக்கமா, செண்பகவல்லி நிறுத்தம்னு போட்டுரவா? எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு, டயர் கடைக்காரன் பயந்துட்டான். அப்படிப் போட்டா எவனாவது பஸ் ஸ்டாப்புன்னு நெனச்சு எறங்கிருவாம்டா. இனிமே எதையும் சுருக்க வேண்டாம். முழுசா எழுது. செண்பகவல்லி நிறுத்தினாள்.